தெருமரம் போனால் சர்க்கரை ஏறும்!

“டாக்டர், மாத்திரை, சூரணம் எல்லாம் நேரம் தவறாமத்தான் சாப்பிடறேன். அரிசியைக் குறைச்சாச்சு. இனிப்புப் பக்கமே போறதில்லை. ஆனா பாருங்க... சர்க்கரை ஏறியிருக்கு!”

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். வயது அறுபத்தெட்டு. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னால் சொன்னபடி பத்தியம் இருக்கிறவர். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 120-ஐ ஒட்டியே இருந்த சர்க்கரை, 170-ஐத் தாண்டியிருந்தது.

“தினம் நடக்கறீங்களாம்மா?”

கொஞ்சம் தயங்கினார். “மூணு மாசமா இல்லை டாக்டர்.”

“ஏன், மூட்டு வலியா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்லை. நிழல் போயிடுச்சே... வெயில்ல நடந்தா தலை கிர்ருங்குது.”

“சாயங்காலம் நடக்கலாமே?”

“வண்டிக் கூட்டம். போதாக்குறைக்குக் கண்ணுல புரை. எதிர்ல வர்ற வண்டி வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியறதில்லை.”

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, சமையலை முடித்து, எட்டரை மணிக்குத்தான் அந்த அம்மா நடக்கக் கிளம்புவார். என் கிளினிக் இருக்கும் தெருவில் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியுமாக நின்ற மர நிழலில் முக்கால் மணி நேரம் போய் வருவார். தெருமுனையில் இரண்டு பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். லாரி திரும்ப இடம் வேண்டும், கார் நுழைய வாசல் வேண்டும் என்று காம்பவுண்டுக்கு உள்ளே நான்கு, வெளியே மூன்று... ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏழு மரங்கள் போய்விட்டன!

ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏழில் ஒரு வேம்பு, சித்திரை மாதத்தில் நான் பூ பொறுக்கிய மரம். அன்றைக்கு மர அறுவை மெஷின் சத்தம் என் வீட்டுக்கும் கேட்டது. ‘யாராவது போய்க் கேட்பார்கள்’ என்று நினைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். தெருவில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்! விளைவு, ஒரு நோயாளியின் சர்க்கரை ரிப்போர்ட்டாக என் மேஜைக்கே வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருந்த என் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. அந்தக் கதையைக் கேளுங்கள்.

டெல்லியில் என்ன நடந்தது?

தெற்கு டெல்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் என்று மத்திய அரசு ஊழியர்களுக்கான குடியிருப்புகள் உண்டு. தாழ்வான பழைய வீடுகள். வீட்டுக்கு வீடு மரம். நம் ஊரிலிருந்து வேலைக்குப் போன பல குடும்பங்கள் அங்கே குவார்ட்டர்ஸில் பிள்ளை வளர்த்து ஆளாக்கியிருக்கின்றன.

2016 ஜூலையில் இப்படிப்பட்ட ஏழு குடியிருப்புகளை இடித்து, உயரமான கட்டிடங்கள் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இருந்த வீடுகள் 12,970. கட்டப்போவது 25,667. செலவு 32,835 கோடி ரூபாய். இந்தப் பணத்தைத் திரட்ட, அங்கேயே வணிக வளாகம் கட்டி விற்பது என்று திட்டம். வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அதற்காக வெட்டப்பட இருந்த மரங்கள் 14,000-க்கும் மேல்!

2018 ஜூன் மாதம். நம் வைத்தியக் கணக்கில் முதுவேனில். அக்கா போன் செய்தாள்.

“தம்பி, எங்களுக்கு வேற இடத்துல வீடு குடுத்துட்டாங்க. ஆனா மரத்துக்கு யாரு வேற இடம் குடுப்பா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் சரோஜினி நகர்ல கூடறோம்.”

“உனக்கு எதுக்கு அக்கா இந்த வேலை? வெயில்ல போய் மயங்கி விழப்போற!”

“வெயில்னு தெரியுதுல்ல? அதுக்குத்தான்டா போறேன்.”

ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்துப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், சின்னக் குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கில் கூடினார்கள். மரங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இமயமலைப் பகுதி ரேணி கிராமத்தில் 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றார்களே, அந்த ‘சிப்கோ’ வழிதான் இது. சிப்கோ என்றால் ‘ஒட்டிக்கொள்’ என்று பொருள்.

கட்டிப் பிடித்ததோடு நின்றிருந்தால் அடுத்த நாள் மெஷின் வந்திருக்கும். ஆனால், அதே சமயத்தில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒருவர் பொதுநல வழக்குப் போட்டிருந்தார். அவர் யார் தெரியுமா? ஒரு எலும்பு மருத்துவர்! ஜூன் 25 அன்று நீதிமன்றம் கேட்ட கேள்விகளை அடுத்து, ஜூலை 4 வரை மரம் வெட்டமாட்டோம் என்று கட்டுமான நிறுவனம் உறுதி கொடுத்தது. பிறகு அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தலையிட்டது. மரங்களைக் காப்பாற்றும்படி வரைபடத்தைத் திருத்துவதாக மத்திய அரசு சொல்லியது.

எல்லா மரமும் பிழைத்ததா என்றால், இல்லை. நௌரோஜி நகரில் ஜனங்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே பெரும்பாலான மரங்கள் போய்விட்டன. மற்ற இடங்களிலும் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும் வேலையும், பெயர்த்து நடும் வேலையும் நடந்தன. ஆனாலும், இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஜனங்கள் முன்கூட்டியே வந்து நின்ற இடத்தில் மரத்துக்கு ஒரு வழி பிறந்தது. தாமதமாக வந்த இடத்தில் அடிக்கட்டைதான் மிச்சம்!

‘ஒன்றுக்குப் பத்து’ என்ற கணக்கு

“மரம் போனா என்ன சார்? ஒண்ணுக்குப் பத்து நடறோம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே!” என்று பலர் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் இதை நம்பியவன்தான்.

யோசித்துப் பாருங்கள். அறுபது வயது அனுபவ வைத்தியர் ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் எல்.கே.ஜி. குழந்தைகள் பத்துப் பேரை உட்கார வைத்தால் நோயாளிக்கு என்ன லாபம்? இடுப்பளவு உயரமுள்ள பத்துக் கன்றுகள் சேர்ந்தாலும் ஒரு கிழவிக்கு நிழல் தராது. நாற்பது வருஷத்து வேம்பின் நிழல் வேண்டுமென்றால் நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவும் அந்தக் கன்றுகளை நடுவது பல நேரங்களில் ஊருக்கு வெளியே எங்கோ ஓர் இடத்தில். நிழல் போனது நம் தெருவில்!

“பெயர்த்து எடுத்து வேற இடத்துல நட்டுடறோம்” என்பது அடுத்த சமாதானம். டெல்லி அரசு இதற்காக 2020-ல் ஒரு கொள்கையே கொண்டுவந்தது. பெயர்த்து நட்டதில் நூற்றுக்கு எண்பது பிழைக்க வேண்டும் என்று அதில் விதி. ஆனால், 2022-ல் டெல்லி வனத்துறையே உயர் நீதிமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, பெயர்த்து நடப்பட்ட மரங்களில் பிழைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

காரணம் வேர். மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சித் தருவது தலைமுடி போன்ற நுனி வேர்கள். பெயர்க்கும்போது முதலில் அறுபடுவது அவைதான். ஆல், அரசு, அத்தி, இத்தி என்று எங்கள் வைத்தியத்தில் ‘நாற்பாமரம்’ சொல்வோம். ஆல், அரசு போன்றவை போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும் ஜாதி. அவற்றுக்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. ஆழமாக வேர் விட்ட பெரிய வேம்பை அப்படி எண்ணிவிட முடியாது.

நிழலும் ஒரு மருந்து!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேப்பங்காற்று பட்டால் சகல வியாதியும் ஓடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வேப்பிலை, பட்டை, பூ, எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் மருந்துக் குணம் உண்டு. அதை அளவறிந்து தர வேண்டும். ஆனால், தெருவில் நிற்கும் மரம் யாருடைய சீட்டும் இல்லாமல் தினமும் செய்கிற வைத்தியம் வேறு.

ஒன்று, வெயிலைத் தடுப்பது. நிழல் விழும் தரையும் சுவரும், நேர் வெயிலில் கிடப்பதைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சூடு குறைவாக இருக்கும் என்பது அளந்து பார்த்த கணக்கு. இரண்டு, மரத்தின் ‘வியர்வை’. தண்ணீர் கிடைத்தால் ஒரு பெரிய மரம் ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் நீரை இலை வழியாக ஆவியாக்கும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படித் தெருவே குளிர்கிறது.

ஐரோப்பாவில் 93 நகரங்களை ஆராய்ந்து 2023-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நகரப் பரப்பில் சராசரியாக 15 சதவீதம்கூட இல்லாத மர நிழலை 30 சதவீதமாக உயர்த்தினால், நகரத்தின் கூடுதல் சூட்டால் கோடையில் ஏற்படும் இறப்புகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தவிர்க்கலாம் என்று கண்டார்கள். குளிர் நாட்டிலேயே இப்படி என்றால், அக்னி நட்சத்திரத்தில் வேகும் நமக்கு?

இன்னொன்று. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டு 1984-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கையில் 23 பேர், வெறும் செங்கல் சுவர் தெரிந்த படுக்கையில் 23 பேர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியில் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால், நம் பாட்டிமார் நோயாளியைக் காற்றோட்டமாகத் திண்ணையில் படுக்க வைத்ததை எனக்கு ஞாபகப்படுத்தியது.

சத்தமில்லாமல் சாகடிப்பது எப்படி?

வெட்டுவது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் கொல்வதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க நான் படித்த பாடமே உதவியது.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாட வகுப்பில், மரத்தில் பட்டை எடுக்கும் முறையைச் சொல்லித் தருவார்கள். “ஒரு பக்கம் மட்டும் எடு. சுத்தி எடுக்காதே. சுத்தி எடுத்தா மரம் செத்துப்போகும்” என்பார் எங்கள் ஆசிரியர். இலை தயாரிக்கும் உணவு வேருக்குப் போவது பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான். வளையம் போலச் சுற்றிச் செதுக்கிவிட்டால் வேர் பட்டினி கிடந்து, சில மாதங்களில் மரம் காய்ந்துவிடும். “பட்ட மரம், ஆபத்து, வெட்டணும்” என்று அப்போது அனுமதி கேட்பார்கள்!

ஆகவே, உங்கள் தெருவில் கட்டுமான வேலை நடந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

அடிமரத்தில் வளையமாகப் பட்டை செதுக்கப்பட்டிருக்கிறதா?

துளை போட்டு ஏதாவது ஊற்றியிருக்கிறார்களா?

சிமென்ட் கலந்த நீரையும் சுண்ணாம்பையும் வேரடியில் கொட்டுகிறார்களா?

மண்ணையும் இடிபாட்டையும் அடிமரத்தைச் சுற்றி மேடாகக் குவித்திருக்கிறார்களா? (வேருக்கு மூச்சு முட்டும்.)

அஸ்திவாரப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுக்க அறுபட்டுவிட்டதா? (அடுத்த புயலில் மரம் சாயும்.)

நடைபாதைக் கான்கிரீட் மரத்தின் கழுத்து வரை பூசப்பட்டிருக்கிறதா?

இந்தக் கடைசி விஷயத்தில், டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது.

குடும்பத்தோடு செய்ய வேண்டியவை

1. எண்ணுங்கள். இதுதான் முதல் மருந்து. ஒரு ஞாயிறு காலை, பிள்ளைகளோடு தெருவில் இறங்கி மரங்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, என்ன மரம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எவ்வளவு என்று எழுதினால் போதும். தேதி விழும்படி போட்டோவும் எடுங்கள். கணக்கில் இல்லாத மரம் காணாமல் போனால், அப்படி ஒரு மரம் இருந்தது என்பதையே நிரூபிக்க முடியாது!

2. முன்கூட்டியே பேசுங்கள். ஒரு பழைய வீடு விலை போகிறது, இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த உடனே பில்டரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்காரராகப் போகாதீர்கள். “கேட்டை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டா மரம் பிழைக்கும். நிழல் இருந்தா உங்க ஃபிளாட்டும் நல்ல விலைக்குப் போகும்” என்று சொல்லிப் பாருங்கள். வரைபடம் பேப்பரில் இருக்கும்போது மாற்றுவது சுலபம். பில்லர் எழும்பிய பிறகு கடவுளே வந்தாலும் கஷ்டம்.

3. எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கினார்களா, எத்தனை மரத்துக்கு, என்ன நிபந்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். டெல்லியில் 1994, கர்நாடகத்தில் 1976, மகாராஷ்டிரத்தில் 1975 என்று மரங்களுக்கென்றே சட்டங்கள் உண்டு. அங்கே இருக்கும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள்.

4. விடுமுறை நாளில் விழிப்பாக இருங்கள். மெஷின் சத்தம் கேட்டால் நான்கு பேராகப் போய், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடிதம் இல்லையென்றால் மாநகராட்சிக்கும் போலீசுக்கும் போன் செய்யுங்கள். வெட்ட வந்த கூலியாளிடம் கோபப்படாதீர்கள். அவர் அன்றாடம் காய்ச்சி. அவரை அனுப்பியவர் வேறு.

5. விலை தெரிந்து வையுங்கள். சுப்ரீம் கோர்ட் அமைத்த வல்லுநர் குழு ஒன்று 2021-ல் மரத்துக்கு மதிப்புப் போட்டது. மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கச் சொன்னது. அதன்படி நாற்பது வருஷத்து மரம் 29 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்! பிருந்தாவனம் அருகே தனியார் நிலத்தில் அனுமதியில்லாமல் 454 மரங்களை வெட்டிய வழக்கில், மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அபராதத்தை 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ‘என் நிலம், என் மரம்’ என்ற பேச்சு எல்லா இடத்திலும் எடுபடாது.

6. நியாயமாக இருங்கள். உள்ளே பொத்தலாகிச் சாயும் நிலையில் இருக்கும் மரத்தை, மரம் என்பதற்காகவே கட்டிப் பிடிக்க வேண்டாம். ஆபத்தான கிளையைக் கழிக்கத்தான் வேண்டும். எந்தக் கிளை என்பதை மரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

அந்த டீச்சரம்மா என்ன ஆனார்?

அன்று அவருக்கு நான் மருந்தைக் கூட்டவில்லை. இங்கிலீஷ் மருந்து தரும் டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த தெருவில் நிழல் இருந்தது. சுற்று வழி என்றாலும் அங்கே நடக்கச் சொன்னேன். பிறகு ஒரு நோட்டை அவர் கையில் கொடுத்து, “டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழக்கம் இருக்கே... நம்ம தெரு மரங்களுக்கும் எடுத்துடுங்களேன்” என்றேன்.

இரண்டு பேரப்பிள்ளைகளோடு போய் எடுத்துவிட்டார். எங்கள் தெருவில் மிச்சம் 31 மரங்கள். இரண்டு மாதம் கழித்து எதிர்ச்சாரியில் இன்னொரு வீடு இடிபட்டது. இந்தத் தடவை நானும் பேப்பர் படித்துக்கொண்டு உட்காரவில்லை. அந்த நோட்டோடு ஒன்பது பேர் போய் பில்டரைப் பார்த்தோம். முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. மூன்றாவது தடவை, “சரி சார், கேட்டை எட்டடி தள்ளிப் போட்டுக்கறேன்” என்றார். பெரிய தூங்குமூஞ்சி தப்பித்தது. ஒரு புங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

போன மாதம் டீச்சரம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 134. இன்னும் இறங்க வேண்டும், இறங்கும். ஆனால், அந்த ஏழு மரம் நின்ற இடம் வந்ததும் இப்போதும் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாகத்தான் கடந்து போகிறார்.

உங்கள் தெருவில் எத்தனை மரம் என்று தெரியுமா உங்களுக்கு? தெரியாதென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் எண்ணிவிடுங்கள்.